கடல் இல்லாத நாட்டில் விசில்காரர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சத்தத்துக்குக் குறைவில்லை. இரும்பு உருக்குகிறார்கள். தகடு அடிக்கிறார்கள். இருபத்து நாலு மணி நேரமும் லாரி ஓடுகிறது. இத்தனை சத்தத்தையும் ஒரு தட்டிலும் எங்கள் விசில்காரரை மறு தட்டிலும் வைத்தால், விசில்காரர் தட்டுதான் தரையைத் தொடும்.

எங்கள் கம்பெனியில் ரைஸ் மில்லுக்கு பாய்லர் செய்கிறோம். உமி போட்டு எரிக்கிற பாய்லர். நான் வெல்டர். அவர், கிரேன் பாரம் தூக்கும்போது கீழே நின்று விசிலடித்துக் கைகாட்டுகிறவர். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. கையை மூடினால் நில். மூன்று டன் இரும்பு தலைக்கு மேல் தொங்கும்போது கிரேன்காரன் அந்த விரலைத் தவிர வேறு எதையும் நம்ப மாட்டான்.

நல்ல வேலைக்காரர். ஆனால் வேலையை கேட்டிலேயே விட்டுவிட்டு வரத் தெரியாது. டீக்கடையிலும் விசில்தான். மாஸ்டர் திரும்பினால் விரலில் சொல்வார். இரண்டு விரல் என்றால் இரண்டு டீ. விரலைக் கீழே காட்டிச் சுற்றினால் சர்க்கரை கம்மி. ஒரு நாள் புது மாஸ்டர் இருந்தார். இவர் விரலைக் கீழே சுற்றினார். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு நின்றார். பத்து நிமிஷம் யாருக்கும் டீ இல்லை.

பொன்னேரி ஸ்டேஷனில் ஒரு காலை, மின்சார ரயில் வந்து நின்றது. இவருக்குத் தெரிந்தவர் ஒருவர் எதிர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட விசிலடித்தார். பிளாட்பாரத்தில் வடை தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் வடையோடு ஓடி ஏறிவிட்டார்கள். ரயில் அப்புறம் அஞ்சு நிமிஷம் அங்கேயே நின்றது. பெட்டிக்குள் எல்லாரும் இவரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் ஊரில் ஒரு சாவு. சந்து குறுகல். முனையில் பாடையைத் திருப்ப முடியவில்லை. இவர் முன்னால் போய் நின்றார்.

“லெஃப்ட்ல வா. வா. வா. நில்லு. பின்னாடி கொஞ்சம் தூக்கு. இப்ப ரைட்ல ஒடி. அவ்ளதான்.”

சுவரில் உரசாமல் திரும்பியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செத்தவரின் மகன் இவரைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“எங்க நைனா உசுரோட இருந்தப்ப கூட இந்தச் சந்துல இவ்ளோ நேரா போனதில்லண்ணா.”

அவர் பெயர் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் விசில்காரர். எனக்கு அண்ணே. பதினெட்டு வருடமாக அப்படித்தான். சென்னை ஏர்போர்ட்டில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயரைப் படித்தார். இவர் பின்னால் திரும்பி அந்த ஆள் யார் என்று தேடினார்.

ஏர்போர்ட்டுக்கு ஏன் போனோம் என்றால், லாவோஸ் நாட்டில் ஒரு மில்காரர் எங்களிடம் பாய்லர் வாங்கியிருந்தார். தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவில் இருக்கிற நாடு. நம் ஆட்கள் யாரும் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. பாய்லரை நிறுத்தி, சிம்னியைத் தூக்கி, பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். எட்டு நாள் வேலை. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். “சிம்னி நேரா நிக்கணும்னா விசிலு போவணும்.”

விசில்காரருக்கு ஒரே மகள். தாய் இல்லாத பெண். பொன்னேரியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். நிச்சயதார்த்தம் முடிவாகியிருந்தது. நாங்கள் திரும்புவது சனிக்கிழமை. நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஒரு நாள்கூட மிச்சம் கிடையாது. வழியனுப்ப வந்த அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அங்கிள், அப்பாவ நம்ப முடியாது. வழில எங்கனா கிரேனப் பாத்தா நின்னுடுவாரு. நீங்கதான் இட்டுக்கினு வரணும். அப்பா இல்லாம நான் மணைல உக்கார மாட்டேன்.”

“இட்டுக்கினு வரேம்மா,” என்றேன்.

லாவோஸுக்குக் கடல் கிடையாது. நான் பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். கடலே இல்லாமல் ஒரு நாடு எப்படி இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்தால் பெரிய ஆறு ஒன்று இருந்தது. சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஊரில் எல்லாமே அப்படித்தான். நாங்கள் போன வண்டிக்கு முன்னால் சாலையில் ஒரு மாடு நின்றது. பின்னால் ஏழெட்டு வண்டி சேர்ந்துவிட்டது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. மாடு தானாக யோசித்து, தானாக முடிவெடுத்து, தானாகப் போனது.

விசில்காரர் என் காதருகே வந்து கேட்டார். “இன்னாடா, எதனா சாவா?”

“இல்லண்ணே. இப்படித்தான் இருப்பாங்க போல.”

“பிளேன்ல எனக்குக் காது அடைச்சிக்கிச்சோன்னு பாத்தேன்.”

மில் ஆற்றங்கரையில் இருந்தது. மில்காரர் மெதுவாகச் சிரித்தார். மெதுவாகப் பேசினார். எங்களுக்குச் சமைக்க ஓர் அம்மா இருந்தார். ஐம்பது வயது இருக்கும். சின்ன மூங்கில் கூடையில் பசை பசையாகச் சோறு வைப்பார். கையால் உருட்டித்தான் தின்ன வேண்டும். விசில்காரருக்கு அந்த நாடு அந்த இடத்தில் பிடித்துப்போனது. மீனைப் புளிக்க வைத்து ஒரு குழம்பு. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பாதிப் பேர் கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது வீட்டு வாசனை. மூன்று கிண்ணம் குடித்தேன்.

பேச்சுக்கு போன்தான். தமிழில் பேசினால் அவர்கள் எழுத்தாக வரும். அவர்கள் பேசினால் தமிழில் வரும்.

முதல் நாள் காலை. பாய்லரை லாரியிலிருந்து இறக்க வேண்டும். கிரேன் வந்து நின்றது. விசில்காரர் வழக்கம் போல் முழு மூச்சில் ஓர் அடி அடித்தார்.

மில் நாய்கள் குரைத்தன. மூட்டை தூக்கியவர்கள் மூட்டையைக் கீழே போட்டார்கள். பக்கத்து வீட்டு ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். கிரேன்காரர் இறங்கி வந்து, தான் என்ன தப்பு செய்தோம் என்பது போல் இவர் முன்னால் நின்றார். மில்காரர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி இவருக்குக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் பாதி மூச்சில் அடித்தார். மூன்றாம் நாள் விசில் சட்டைப் பைக்குள் போனது.

“இன்னாண்ணே, அடிக்கல?”

“இங்க அடிச்சா யாரையோ திட்ற மாதிரி கீதுடா.”

சிம்னி தூக்கினது ஐந்தாம் நாள். மூன்று துண்டு. ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். ஆற்றுக் காற்று இருந்தது. கிரேன்காரருக்கு இவர் மொழி தெரியாது. இவருக்கு அவர் மொழி தெரியாது. விரலும் கண்ணும்தான். இவர் விரல் நூலளவு அசைந்தால் அங்கே இரும்பு நூலளவு அசைந்தது. மூன்று மணி நேரம். ஒரு சத்தம் இல்லை. மேல் துண்டு உட்கார்ந்ததும் நான் தொங்கிக்கொண்டே வெல்டு வைத்தேன். எத்தனையோ சிம்னி பார்த்திருக்கிறேன். அது போல் ஒன்று பார்த்ததில்லை. கிரேன்காரர் இறங்கி வந்து இவரைக் கும்பிட்டார். இவரும் கும்பிட்டார். எங்கள் பக்கம் கிரேன்காரரும் இவரும் கெட்ட வார்த்தையில்தான் பேசிக்கொள்வார்கள்.

வியாழக்கிழமை பாய்லரைப் பற்றவைத்தோம். ஆவி ஏறியது. மத்தியானம் எங்களுக்கு வழியனுப்புச் சாப்பாடு. மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டி.

பாய் விரித்து நடுவில் வாழை இலையைக் கோபுரமாகச் சுருட்டி, செவந்திப் பூ சொருகி வைத்திருந்தார்கள். முட்டை, சோறு, பலகாரம், ஒரு பாட்டில். சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒரு பெரியவர் மந்திரம் மாதிரி சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்து எங்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். கட்டும்போது ஏதோ முணுமுணுத்தார்கள். முதலில் கட்டியது சமையல் அம்மா. விசில்காரர் கையை நீட்டி, கண்ணை மூடி, பக்தியோடு உட்கார்ந்திருந்தார். இருபது பேர் கட்டினார்கள்.

சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து நான் பெட்டி கட்டினேன். அவர் கட்டவில்லை. தரையில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு வாசலில் கிடந்தது.

“அண்ணே, கட்டுங்க. காலைல ஏழு மணிக்கு வண்டி.”

“நான் வரலடா.”

“இன்னாது?”

“காப்பு கட்டிட்டாங்கடா. எல்லைய தாண்டக் கூடாது.”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திரௌபதை அம்மன் தீமிதிக்குக் கையில் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால், திருவிழா முடிந்து கோயிலில் அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. செருப்பு கூடாது. கவுச்சி கூடாது. கட்டிலில் படுக்கக் கூடாது. விசில்காரர் வருடா வருடம் தீ மிதிக்கிறவர். அந்தப் பத்து நாளும் கம்பெனி அவரைக் கூப்பிடாது.

“அண்ணே, இது வேற நாடு. அவங்க சாமி வேற.”

“பூ வெச்சாங்களா இல்லியா? மந்தரம் சொன்னாங்களா இல்லியா? கைல கட்னாங்களா இல்லியா?”

“கட்னாங்க.”

“அப்ப அது காப்பு.”

“எனக்கும்தான் கட்னாங்க.”

“உனுக்கு இன்னாடா பேஜாரு? நீ கடலோரம்.”

அது சரிதான். எங்கள் குப்பத்தில் காப்புக் கட்டினால் கடலில் இறங்கக் கூடாது என்பதுதான் கணக்கு. இங்கே கடலே கிடையாது. எனக்கு ஒரு தடையும் இல்லை.

“எப்ப அவுப்பாங்க?” என்றேன்.

“அது எனுக்கு எப்பட்ரா தெரியும்? அவங்க திருநா எப்ப முடியுதோ அப்ப.”

“ஞாயித்துக்கெழம நிச்சயம்ணே.”

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீடியோவில் மகள். புடவையை விரித்துக் காட்டினாள். “கலர் எப்படி கீதுப்பா? நாளைக்கு எத்தினி மணிக்கு கெளம்பற?” அவர் கட்டின கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். “நல்லா கீதும்மா. காலைல ஏழு மணி. வந்துடுவேன்.” போனை வைத்தார். விசில்காரர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை.

அப்போதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. “பொண்ணாண்ட பொய் சொல்றீங்க. ஒரு நூலுக்கு இவ்ளோ அக்கப்போரா?”

அவர் எழுந்து ஆற்றுப் பக்கம் போனார். நானும் போனேன். வெறுங்காலில் கரையில் நின்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பாப்பா ரெண்டாங் கிளாஸ் படிச்சிக்கினு இருந்தா. காப்பு கட்டி நாலாம் நாளு. டேங்க் தூக்கணும், நீ வந்தாதான் ஆவும்னு கம்பெனில இருந்து ஆளு வந்துட்டான். ஏரிக்கரதான் ஊரு எல்ல. பாப்பாவோட அம்மா சொன்னா, போவாதய்யான்னு. நான் ரெண்டு மணி நேரம்தானேன்னு தாண்டிட்டேன். டேங்க் நல்லா உக்காந்துச்சு. ஒரு கொறையும் இல்ல. மூணு மாசம் கழிச்சி அவளுக்கு மஞ்சக் காமால. பதினேழு நாளு. அவ்ளதான்.”

அவர் மனைவி செத்தது எனக்குத் தெரியும். கூடவே நின்றிருக்கிறேன். இது தெரியாது.

காமாலைக்கும் காப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். தெரிந்தும் பதினாறு வருடம் சுமந்திருக்கிறார். நான் ஒரு வார்த்தையில் இறக்கிவிட முடியாது.

“இப்ப எனுக்கு மிச்சம் இருக்கறது பாப்பா ஒருத்திதான்டா,” என்றார். “நான் போவலன்னா அழுவா. போய், அவளுக்கு எதனா ஆச்சுன்னா?”

யோசித்தேன். எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. காப்புக் கட்டினவருக்குத் தவிர்க்க முடியாத காரியம் வந்துவிட்டால், அதை அவிழ்த்து வேறொருவர் கையில் மாற்றிக் கட்டலாம்.

“எனக்கு மாத்திடுங்கண்ணே. எனக்குக் கடல்தான் எல்ல. ஒண்ணும் ஆவாது.”

“பங்காளிக்குத்தான் மாத்தலாம்.”

“பதினெட்டு வருஷமா அண்ணேன்னுதானே கூப்புடறேன்?”

அவர் என்னைப் பார்த்தார். கையைக் கொஞ்சம் நீட்டினார். நான் முடிச்சில் கை வைத்தேன். உடனே இழுத்துக்கொண்டார்.

“உனுக்கு எதனா ஆச்சுன்னா?”

“ஆனா ஆவட்டும்.”

“போடா டேய். உன் தலைல கட்டிட்டு நான் போய் நிச்சயத்துல கேசரி துன்றதா?”

இரண்டு பேரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். பாத்திரம் கழுவ ஆற்றுக்கு வந்த சமையல் அம்மா பார்த்துவிட்டார். எங்களுக்கு நூல் பத்தவில்லை, அதனால் சண்டை என்று நினைத்துக்கொண்டார் போல. மடியிலிருந்து மீதி நூலை எடுத்து ஆளுக்கு இரண்டு கூடக் கட்டிவிட்டார். விசில்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் போனை எடுத்தேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். “அம்மா, இது எதுக்குக் கட்றீங்க?”

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். போனில் தமிழில் வந்தது. மனுஷனுக்கு உயிர் ஒன்றல்ல, முப்பத்திரண்டு. பயணம் போனால் ஒன்றிரண்டு வழியில் தங்கிவிடும். திரும்பிப் போகிற ஆளுக்கு எல்லாவற்றையும் கூப்பிட்டு, உள்ளே வைத்து, நூலால் கட்டி அனுப்புகிறோம். மூன்று நாள் அவிழ்க்காதீர்கள். அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

விசில்காரர் போனை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

“இருக்க வைக்கறதுக்கு இல்லியா? அனுப்பறதுக்கா?”

“அப்படித்தான் வருது.”

“மூணு நாளுன்னா?”

“வியாழன், வெள்ளி, சனி. ஞாயித்துக்கெழம காலைல அவுக்கலாம்.”

அவர் எதையோ மனதுக்குள் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். “ஊட்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆவாதான்னு கேளு. பொண்ணு கீதுன்னு சொல்லு.”

கேட்டேன். அந்த அம்மா இன்னொரு நூலை எடுத்தார். நடுவில் ஒரு முடிச்சுப் போட்டார். இரண்டு கைக்குள் வைத்து ஏதோ சொன்னார். அதை விசில்காரரின் சட்டைப் பையில் போட்டு, வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டினார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விசில்காரர் எழுந்தார். ஆள்காட்டி விரலை மேலே நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். தூக்கு.

கிளம்பினார். ஆனால் காப்பு காப்புதான். செருப்பு போடவில்லை. மூன்று ஏர்போர்ட்டிலும் வெறுங்கால். சோதனையில் எல்லாரையும் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். கழற்ற ஒன்றும் இல்லாத ஒரே ஆள் இவர். முதலில் போய்விட்டார். பாங்காக்கில் நான் நாற்காலியில், அவர் தரையில். பிளேனில் மட்டும் விடவில்லை, சீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். கட்டில் இல்லையே, பரவாயில்லை என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பணிப்பெண் கோழி கொண்டுவந்தார். இவர் கையைத் தூக்கி நூலைக் காட்டினார். அந்தப் பெண் தாய்லாந்துக்காரர். ஒரு கேள்வி கேட்கவில்லை. கோழியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டார்.

வழியெல்லாம் ஜன்னலில் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

“எல்ல எதுடா? தாண்டியாச்சா?”

“மேலேருந்து கோடு தெரியாதுண்ணே.”

சட்டைப் பையின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஊர் அம்மன் கோயிலில் காப்பை அவிழ்த்தார். பூசாரி, “இது எந்த ஊரு காப்புய்யா?” என்றார். “தூரம்,” என்றார் இவர். என்னுடையதையும் அங்கேயே அவிழ்த்தேன்.

பொன்னேரியில் சின்ன மண்டபம். தட்டு மாற்றுவதற்கு முன்னால் விசில்காரர் மகள் முன்னால் போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து அந்த முடிச்சு நூலை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அவர் கட்டவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினார். பின் வரிசையில் இருந்தேன்.

“டேய், வா. நீ கட்டு.”

“நீங்க கட்டுங்கண்ணே. அப்பா நீங்க.”

“காப்பு விஷயத்துல என் கையி ஒருவாட்டி தப்பு பண்ணிடுச்சு. பங்காளி கட்டட்டும்.” மகளிடம் திரும்பினார். “சித்தப்பாகிட்ட கைய நீட்டும்மா.”

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

“இறுக்கிக் கட்டிடாதீங்க சித்தப்பா,” என்றாள்.

வெல்டிங் பிடித்த விரல். நூல் மெல்லிசு. முடிச்சு இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் நின்றது. அதுவரை அண்ணன் என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.